கோயில் மரமும் சாலை மரமும்: மல்லேஸ்வரத்தின் மர மரபு, ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

பெங்களூரு மல்லேஸ்வரத்தின் இரண்டு முதன்மைச் சாலைகள் மரங்களின் பெயரால் வழங்குகின்றன. ஒன்று சம்பிகே சாலை, அதாவது சண்பகம். மற்றது மார்கோசா சாலை, அதாவது வேம்பு. வடக்குத் தெற்காக இணையாகச் செல்லும் இச்சாலைகளுக்கு மன்னர் பெயரோ அதிகாரி பெயரோ இடாமல் மரத்தின் பெயரை இட்ட ஒரு காலம் இந்நகரில் இருந்தது. மல்லேஸ்வரத்தின் மரங்கள் எந்தெந்தக் காலத்தில், யாருடைய காப்பில் வளர்ந்தன, அந்தக் காப்பு ஏன் இன்று தளர்ந்திருக்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. வழிபாடும் சட்டமும் தனி மரத்தைக் காக்கும் வழிகளைக் கண்டறிந்தன. மல்லேஸ்வரத்தின் பெருமையோ மர வரிசையில் இருக்கிறது. அந்த வரிசைக்கு இன்றுவரை முறையான காவலர் எவரும் அமையவில்லை என்பதே இக்கட்டுரையின் முடிபு.

வழிபாட்டின் காப்பில்

இப்பகுதிக்குப் பெயர் தந்தது காடு மல்லேஸ்வரர் கோயில். 1669-ஆம் ஆண்டுக் கல்வெட்டொன்று, சிவாஜியின் மாற்றாந்தாய்ச் சகோதரர் ஏகோஜி இக்கோயிலுக்கு ஒரு சிற்றூரைக் கொடையாக அளித்த செய்தியைத் தருகிறது. பின்னாளில் தஞ்சையில் மராத்திய அரசை நிறுவியவரும் இந்த ஏகோஜியே. ஆகவே காடு மல்லேஸ்வரத்தின் வரலாறும் தஞ்சையின் வரலாறும் ஒரே மனிதரின் வாழ்வில் சந்திக்கின்றன.

கோயிலின் பெயரிலேயே காடு இருக்கிறது. வளாகத்து அரச மரங்களின் அடியில் நாகர் சிலைகள் வரிசையாக நிற்கின்றன. அரசும் வேம்பும் சேர்ந்து வளரும் மேடையைக் கன்னடர் ‘அஷ்வத்தகட்டே’ என்பர். அந்த இரு மரங்களுக்கும் திருமணம் செய்துவைக்கும் வழக்கமும் உண்டு. தமிழ்நாட்டின் தல விருட்ச மரபை அறிந்தவருக்கு இது புதிதன்று. சங்க காலத்தில் மன்னர்கள் காவல்மரம் வளர்த்தனர். மோகூர்ப் பழையனின் காவல்மரமான வேம்பைச் சேரன் செங்குட்டுவன் வெட்டி வீழ்த்தியதைப் பதிற்றுப்பத்து வெற்றிச் செய்தியாகப் பதிவு செய்கிறது. மரம் வீழ்ந்தால் குடியின் மானம் வீழ்ந்தது என்றே அக்காலத்தார் கருதினர். 

இந்த வழிபாட்டு மரபு மரத்தை மிக வலுவாகக் காக்கும். மேடை கட்டி, மஞ்சள் பூசி, நூல் சுற்றிய மரத்தின்மேல் கோடரி வைக்க எவரும் தயங்குவர். ஆனால் இக்காப்பு மேடையின் விளிம்போடு முடிந்துவிடுகிறது. பத்தடி தள்ளிச் சாலையோரத்தில் நிற்கும் அதே இன மரத்தை அது சென்றடைவதில்லை.

கொள்ளைநோயும் நிழற்சாலையும்

1890-களில் மைசூர் சமஸ்தானத்தில் திவான் கே. சேஷாத்ரி ஐயரின் ஆட்சிக் காலத்தில், பெங்களூரின் பழைய பேட்டைக்கு வெளியே மல்லேஸ்வரமும் பசவனகுடியும் புதிய குடியிருப்புகளாகத் திட்டமிடப்பட்டன. 1898-இல் நகரைப் பிளேக் தாக்கியபோது அத்திட்டம் வேகம் பெற்றது. நெரிசலான சந்துகளில் நோய் பரவியதைக் கண்ட நிர்வாகம் நேரான அகன்ற சாலைகளையும், தோட்டத்துக்கு இடம்விட்ட மனைகளையும், வீடுகளுக்குப் பின்னால் கழிவகற்றும் சந்துகளையும் அமைத்தது.

நிழல்மரம் இந்தச் சுகாதாரச் சிந்தனையோடு சேர்ந்தே வந்தது. காற்றோட்டத்தையும் குளிர்ச்சியையும் நலவாழ்வின் அடிப்படைகளாகக் கொண்ட காலம் அது. வேம்பு நோய் தீர்க்கும் மரம் என்ற நம்பிக்கை தென்னாட்டில் ஏற்கெனவே ஊறியிருந்தது. சண்பகமோ பூசைக்கும் கூந்தலுக்கும் உரிய மலர். ஆகவே மக்களுக்கு முன்பே உறவாகியிருந்த மரங்களின் பெயரில் புதிய சாலைகள் எழுந்தன. கோயிலில் தனியாக நின்ற மரம் இங்கேதான் தெரு முழுவதும் நீளும் வரிசையாக மாறியது. இக்கட்டுரை காணும் முதல் பெரிய திருப்பம் இது.

லால்பாக் தோட்டக்கலை இந்த வரிசைகளுக்கு வண்ணம் சேர்த்தது. 1908 முதல் 1932 வரை அதன் பொறுப்பிலிருந்த ஜெர்மானியர் குஸ்தாவ் ஹெர்மன் கிரும்பீகல், ஆண்டு முழுவதும் ஒன்றன்பின் ஒன்றாகப் பூக்கும் வகையில் மரங்களைத் தேர்ந்து நடும் முறையைப் பெங்களூரில் வேரூன்றச் செய்தார். தென்னமெரிக்காவின் தபேபுயாவும் ஜகரண்டாவும், மடகாஸ்கரின் குல்மோஹரும் நம் வேம்போடு தோள் சேர்ந்து நின்றன. இந்த முறையில் வரிசைக்குத்தான் பொருள் உண்டு. ஒரு மரம் பூ உதிர்க்கும்போது அடுத்தது பூக்க வேண்டும். தனியாக விடப்பட்ட மரத்தால் அந்தத் தொடர்ச்சியைத் தர முடியாது.

அறிவியலின் வீடு

மல்லேஸ்வரத்துக்கு மரத்தோடு மூன்றாவதொரு உறவும் உண்டு. வனத்துறைத் தலைமையகமான அரண்ய பவனும், மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனமும் இங்கே பதினெட்டாம் கிராஸ் பகுதியில் அமைந்துள்ளன. 1938-இல் வன ஆய்வுக்கூடமாகத் தொடங்கிய இந்நிறுவனம் 1988-இல் இன்றைய வடிவம் பெற்றது. சந்தன ஆய்வில் இது நாட்டின் முதன்மை நிலையங்களுள் ஒன்று.

1792-இல் திப்பு சுல்தான் சந்தனத்தை அரச மரமாக அறிவித்தார். 1916-இல் மைசூர் அரசு சந்தன எண்ணெய் வடிக்கத் தொடங்கியது. இதற்கிடையே, 1899-இல் குடகில் சந்தன மரத்தின் ‘ஸ்பைக்’ நோய் பதிவானது. இலைகள் சிறுத்து, குச்சி குச்சியாகி, மரம் சில ஆண்டுகளில் பட்டுப்போகும். பூச்சிகள் ஒரு மரத்திலிருந்து மற்றொன்றுக்குப் பரப்பும் நோய் என்பதால், இதில் தனி மரத்தைக் காப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. காக்க வேண்டுமானால் கூட்டத்தையே காக்க வேண்டும்.

ஐரோப்பாவும் இதே பாடத்தை அண்மையில் கற்றது. நம் மல்லிகையின் குடும்பத்தைச் சேர்ந்த ‘ஆஷ்’ மரம் அங்கே கருவிப் பிடிகளுக்கும் தொன்மக் கதைகளுக்கும் உரியது. 1992-இல் போலந்தில் காணப்பட்ட பூஞ்சை நோய் 2012-இல் பிரிட்டனில் கண்டறியப்பட்டது. அதன்பிறகே அந்த மரத்தின் இயற்கை மரபையும் பண்பாட்டு மரபையும் ஒன்றாக வைத்துப் போற்றும் முயற்சிகள் அங்கே வலுத்தன. மல்லேஸ்வரம் அப்படி ஓர் இழப்புக்குப் பின் விழிக்கத் தேவையில்லை.

எண்ணிக்கைச் சட்டமும் மக்கள் எதிர்ப்பும்

1976-ஆம் ஆண்டுக் கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டம் மர அலுவலரின் அனுமதியின்றி மரம் வெட்டுவதைத் தடுக்கிறது. 50-க்கு மேற்பட்ட மரங்களை வெட்ட வேண்டுமானால் பொதுமக்களின் ஆட்சேபங்களைக் கேட்க வேண்டும் என்ற விதியும் பின்னர் சேர்ந்தது. நல்ல சட்டம்தான். ஆயினும் அது எண்ணிக்கையின் மொழியிலேயே பேசுகிறது. ஒரு சாலையின் முகத்தை மாற்றிவிட இருபது மரங்களை வெட்டினாலே போதும்.

2011-இல் சாங்கி சாலை விரிவாக்கத்துக்காக மரங்கள் வெட்டப்பட்டபோது மல்லேஸ்வரத்தார் தெருவில் இறங்கிப் போராடினர். சாங்கி ஏரியை ஒட்டி முன்மொழியப்பட்ட மேம்பாலத்துக்கும் 2023-இல் எதிர்ப்பு எழுந்தது. இவ்விரண்டுக்கும் இடையே, 2014 பிப்ரவரியில், ‘நெரளு’ என்ற மரத் திருவிழாவைப் பெங்களூரு மக்களே நிதி திரட்டித் தொடங்கினர். மரநடை, கதை, ஓவியம் எனப் போராட்டத்துக்கு அப்பால் கொண்டாட்டமாகவும் மரக்காப்பு வளர முடியும் என்பதற்கு அது சான்று. அடுத்த மாதமே சம்பிகே சாலையின் பெயரைத் தாங்கிய மெட்ரோ நிலையம் திறக்கப்பட்டது. கடைகள் நெருங்கிய அச்சாலையில் இன்று மரத்தைவிட அதன் பெயரே பரவலாகக் கண்ணில் படுகிறது.

வரிசையின் பயனை அளந்தும் காட்டியிருக்கிறார்கள். பெங்களூரில் ஹரிணி நாகேந்திராவும் சக ஆய்வாளர்களும் 2013-இல் வெளியிட்ட ஆய்வு, மரமற்ற சாலையைவிட மரமடர்ந்த சாலையில் காற்றின் வெப்பம் 5.6 டிகிரி செல்சியஸ் வரை, தார்ப்பரப்பின் வெப்பம் 27.5 டிகிரி வரை குறைந்திருந்ததைப் பதிவு செய்தது. 1898-இன் நிர்வாகம் அனுபவத்தால் நம்பியதை நூறாண்டு கடந்து கருவிகள் உறுதி செய்தன.

முடிவுரை

மரக் கூட்டத்தை ஒரே மரபுச் சொத்தாக ஏற்பதற்குக் கர்நாடகத்திலேயே முன்மாதிரி இருக்கிறது. தேவனஹள்ளிக்கு அருகிலுள்ள நல்லூர்ப் புளியந்தோப்பு, 2002-ஆம் ஆண்டு உயிரியல் பன்மயச் சட்டத்தின்கீழ் 2007-இல் நாட்டின் முதல் பன்மய மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. அங்கே காப்புக்கு உரியது தோப்பு முழுவதும்.

மல்லேஸ்வரத்தின் சாலை வரிசைகளுக்கும் அத்தகைய ஏற்பு வேண்டும். ஒவ்வொரு சாலையின் மரங்களையும் ஓர் அலகாகப் பதிவு செய்து, பட்டுப்போன இடத்தில் அதே வரிசைக்கு ஏற்ற மரத்தை நட்டு, அடிமரத்தைச் சுற்றிச் சிமென்ட் பூசாமல் மண்ணை விட்டுவைக்க வேண்டும். சம்பிகே சாலையில் சண்பகமும் மார்கோசா சாலையில் வேம்பும் மீண்டும் நிறைவது இதன் முதல் படியாகட்டும். வழிபாட்டின் பற்றும், நகரமைப்பின் தொலைநோக்கும், அறிவியலின் துல்லியமும், மக்களின் துணிவும் ஒரே வட்டாரத்தில் கூடியிருக்கும் ஊர்கள் அரிது. மர வரிசைக்குக் காவலராகும் தகுதி மல்லேஸ்வரத்துக்கு முழுமையாக உண்டு. அப்பொறுப்பை மாநகராட்சியும் குடிமக்களும் சேர்ந்து ஏற்க வேண்டிய காலம் இதுவே.