போர்ஷே 996: எஞ்சின் பழுதுகளும் பராமரிப்புச் செலவும்

போர்ஷே 996 என்பது ஜெர்மனியின் போர்ஷே நிறுவனம் 1997-இல் அறிமுகப்படுத்திய 911 காரின் ஐந்தாம் தலைமுறை. அதற்கு முந்தைய 911 கார்கள் அனைத்தும் காற்றால் குளிர்விக்கப்படும் எஞ்சினைக் கொண்டவை. தண்ணீரால் குளிர்விக்கப்படும் எஞ்சின் பொருத்தப்பட்ட முதல் 911 இதுவே. திவாலாகும் நிலைக்கு வந்த நிறுவனத்தை மீட்ட கார் என்று 996-ஐத் தொழில் வரலாறு குறிப்பிடுகிறது. பழைய கார் வாங்குவோரிடம் அதன் பெயர் வேறு விதமானது: மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும் 911, வாங்கியபின் மிக அதிகமாகப் பயமுறுத்தும் 911. இரண்டு பெயருக்கும் காரணம் ஒன்றுதான். செலவைக் குறைக்க எடுக்கப்பட்ட முடிவுகள்.

பின்னணி

1963-ஆம் ஆண்டு ஃபிராங்க்ஃபர்ட் கார் கண்காட்சியில் 911 முதன்முதலாகக் காட்டப்பட்டது. பின் அச்சுக்கும் பின்னால் எஞ்சின், அதில் பக்கத்துக்கு மூன்றாகப் படுத்த நிலையில் ஆறு சிலிண்டர்கள், குளிர்விக்க ஒரு பெரிய விசிறி. அடிப்படையில் இந்த அமைப்பு 35 ஆண்டுகள் மாறவில்லை. 1990-களில் புகை, சத்தம் பற்றிய சட்டங்கள் இறுகின. சிலிண்டருக்கு நான்கு வால்வு வைத்தால் புகையைக் குறைத்துத் திறனைக் கூட்டலாம். ஆனால் அத்தகைய சிலிண்டர் தலையில் சேரும் வெப்பத்தைக் காற்றால் மட்டும் இறக்குவது கடினம். எனவே தண்ணீருக்கு மாறுவது தவிர்க்க முடியாததாயிற்று.

பணமுடை அதைவிட அவசரமானது. 1986-இல் ஆண்டுக்கு 50,000 கார்களுக்கு மேல் விற்ற நிறுவனம், 1993-இல் 15,000 கூட விற்கவில்லை. மிகப் பெரிய சந்தையான அமெரிக்காவில் டாலரின் மதிப்பு இறங்கியதால் ஜெர்மன் கார்களின் விலை எட்டாத உயரத்துக்குப் போயிருந்தது. உற்பத்திப் பொறுப்பிலிருந்த வெண்டெலின் வீடெக்கிங் இந்த நிலையில் நிறுவனத்தின் தலைமைக்கு வந்தார். டொயோட்டாவில் பணியாற்றிய ஜப்பானிய ஆலோசகர்களை ஸ்டுட்கார்ட் ஆலைக்கு அழைத்துவந்தார். உதிரிபாகங்களை மலைபோல் அடுக்கிவைத்திருந்த உயரமான அலமாரிகளின் மேல்பாதியை வீடெக்கிங் தானே ரம்பத்தை எடுத்து அறுத்துத் தள்ளிய நிகழ்ச்சி, மேலாண்மை நூல்களில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது.

புதிய 911-ஐயும், அதைவிட விலை குறைந்த பாக்ஸ்டர் காரையும் ஒன்றாகத் திட்டமிட்டதுதான் சிக்கனத்தின் மையம். கதவுகள், முன்பக்கத் தகடுகள், விளக்குகள் இரண்டுக்கும் பொதுவாயின. 1996-இல் பாக்ஸ்டரும் அடுத்த ஆண்டு 996-உம் வந்தபோது, ஒரே முகத்துக்கு இரண்டு விலை கேட்கிறார்கள் என்று பழைய 911 பிரியர்கள் முணுமுணுத்தனர். மஞ்சள் வழியும் அந்த விளக்குகளுக்கு ஜெர்மனியில் வைத்த பட்டப்பெயரை ‘ஆஃப்பாயில்’ என்றே தமிழில் சொல்லிவிடலாம். விளக்கின் வடிவம் ரசனை சார்ந்தது. எஞ்சின் அப்படியல்ல. எம்96 எனப்பட்ட அந்த எஞ்சின் குடும்பமும் இரண்டு கார்களுக்கும் பொதுவானது: பாக்ஸ்டரில் 2.5 லிட்டர், 204 குதிரைத்திறன், 996-இல் 3.4 லிட்டர், 300 குதிரைத்திறன்.

இடைத்தண்டு பேரிங்

எஞ்சினில் வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டுகள், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டின் பாதி வேகத்தில் சுற்றவேண்டும். எம்96 எஞ்சினில் கிராங்கிலிருந்து ஒரு சங்கிலி கீழேயுள்ள இடைத்தண்டைச் சுழற்றும். இடைத்தண்டின் இரு முனைகளிலிருந்தும் வேறு சங்கிலிகள் கேம்களுக்குச் செல்லும். பழைய காற்றுக்குளிர்வு எஞ்சினிலும் இடைத்தண்டு உண்டு. ஆனால் அது உருளைக் குண்டுகள் இல்லாத வழவழப்பான பேரிங்கில், அழுத்தத்துடன் வரும் ஆயில் படலத்தின்மேல் சுழன்றது. எம்96-இல் ஃபிளைவீல் பக்க முனைக்கு, கிரீஸ் அடைத்து மூடிய சாதாரணக் குண்டு பேரிங் வைக்கப்பட்டது. ஆல்டர்னேட்டரிலும் வாஷிங் மெஷினிலும் இருப்பது போன்ற வகை. அதற்கு ஆயில் குழாய் தேவையில்லை; ஆகவே செலவும் குறைவு.

சிக்கல் அந்த மூடியில் தொடங்கியது. எஞ்சினுக்குள் சூடான ஆயில் எப்போதும் தெறித்துக்கொண்டிருக்கும். காலப்போக்கில் அது பேரிங்கின் மூடியைக் கடந்து உள்ளே கசிந்து கிரீஸைக் கழுவிவிடும். உள்ளே போன ஆயில் வெளியேறவும் வழியில்லை, புது ஆயில் வந்து சேரவும் வழியில்லை. கெட்டுப்போன அந்த ஆயிலில் குண்டுகள் தேய்ந்து, உரிந்த எஃகுத் துகள்கள் எஞ்சின் முழுதும் பரவும். முடிவில் பேரிங் சிதறும், தண்டு ஆடும், சங்கிலி பல் தாண்டும், வால்வு மூடவேண்டிய நேரத்தில் மூடாமல் பிஸ்டன் வந்து அதை மோதும். சில நொடிகளில் எஞ்சின் முழுவதும் பயனற்றுப்போகும். பல கார்களில் முன்னறிவிப்பே இருக்கவில்லை. இருந்தவற்றில் ஒரு சிறு ஆயில் கசிவோ, ஆயில் ஃபில்டரில் மினுங்கும் துகளோ மட்டுமே அடையாளம்.

தொடக்கத்தில் இரண்டு வரிசைக் குண்டுகள் கொண்ட பேரிங் இருந்தது. 2000-2001 வாக்கில் அது ஒற்றை வரிசையாக மாற்றப்பட்டது. இரட்டை வரிசையில் நூற்றுக்கு ஒன்று, ஒற்றை வரிசையில் நூற்றுக்கு எட்டு முதல் பத்து என்பது உரிமையாளர்களும் பட்டறைகளும் பரவலாக எடுத்தாளும் பழுதுக் கணக்கு. இதில் ஒரு முரண் உண்டு. 2001 இறுதியில் 3.6 லிட்டராகப் பெரிதாக்கப்பட்டு, விளக்குகளும் திருத்தப்பட்டு, 320 குதிரைத்திறனுடன் வந்த மேம்பட்ட 996-தான் பழைய கார் சந்தையில் அதிக விலைக்குப் போனது. பலவீனமான பேரிங் இருந்ததும் அதில்தான்.

செலவு யார் தலையில்

கார் புதிதாக இருந்து உத்தரவாதக் காலத்தில் எஞ்சின் போனால், நிறுவனம் பெரும்பாலும் பழுதுபார்க்காமல் முழு எஞ்சினையே மாற்றிக்கொடுத்தது. முதல் உரிமையாளருக்குச் சில வார அலைச்சலோடு முடிந்தது. உத்தரவாதம் தீர்ந்த காரை வாங்கியவர் நிலைமை வேறு. அமெரிக்காவில் புதிதாக ஏறக்குறைய 65,000 டாலருக்கு விற்ற 996, 2010-களின் தொடக்கத்தில் 20,000 டாலருக்கும் கீழே கிடைத்தது. பாக்ஸ்டர் 10,000-க்கும் கீழே. எஞ்சின் மாற்றவோ முழுதாகப் பிரித்துக் கட்டவோ ஆகும் செலவு 15,000 முதல் 20,000 டாலரைத் தொட்டது. ஆக, ஒரு பேரிங் உடைந்தால் காரின் விலை முழுதும் போய்விடும். பாக்ஸ்டர் என்றால் விலையைப் போல் இரு மடங்கு. எஞ்சின் போன பாக்ஸ்டர்கள் உதிரிபாகங்களாகப் பிரித்து விற்கப்பட்டதற்கு இந்தக் கணக்கே காரணம். பழுது வரும் என்ற அச்சம் விலையை இறக்கியது. இறங்கிய விலை, பராமரிக்க வசதியில்லாதவர்களையும் வாங்கத் தூண்டியது. அவர்கள் தள்ளிப்போட்ட பராமரிப்பு மேலும் பழுதுகளைக் கொண்டுவந்தது.

அமெரிக்காவில் உரிமையாளர்கள் கூட்டாகத் தொடுத்த வழக்கு 2013-இல் சமரசத்தில் முடிந்தது. 2001 மே முதல் 2005 பிப்ரவரி வரை தயாரான கார்கள் அதில் அடங்கின. காருக்குப் பத்து வயது ஆகியிருக்கக் கூடாது, 1,30,000 மைல் தாண்டியிருக்கக் கூடாது என்ற வரம்பும் இருந்தது. சமரசம் வந்த ஆண்டிலேயே முதலில் வந்த கார்கள் வயது வரம்பைத் தாண்டிவிட்டன. ஏற்கெனவே செலவழித்தவர்கள் இழப்பீடு கோரலாம் என்பதைத் தவிர, அதன்பின் அந்தக் கார்களை வாங்கியவர்களுக்கு அதில் ஒன்றும் இல்லை.

வெளிப் பட்டறைகள்

பேரிங்கை மட்டும் தனியே மாற்ற அதிகாரபூர்வ வழிமுறை இல்லாதிருந்த காலத்தில், அதற்கான வழியை வெளிப் பட்டறைகளே கண்டன. அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த எல்.என். இன்ஜினியரிங், பீங்கான் குண்டுகள் கொண்ட மாற்று பேரிங்கை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பின்னர் பழைய 911-ஐப் போலவே, அழுத்தத்துடன் ஆயில் செலுத்தும் வழவழப்பான பேரிங்கும் அங்கிருந்து வந்தது. முப்பது ஆண்டுகளுக்கு முன்பு போர்ஷே செய்திருந்ததை உரிமையாளர்கள் தங்கள் செலவில் திரும்பப் பொருத்திக்கொண்டார்கள்.

இந்த வேலைக்கு கியர்பாக்ஸ், கிளட்ச், ஃபிளைவீல் மூன்றையும் கழற்றவேண்டும். பாகத்தைவிடக் கூலியே அதிகம். கிராங்க் தண்டின் பின்முனை ஆயில் சீல் அதே இடத்தில் இருக்கிறது. அது கசிவது இந்த எஞ்சினில் சர்வசாதாரணம். சீல் சில பத்து டாலர் மட்டுமே பெறும். ஆனால் அதை எட்டுவதற்கும் அதே கூலிதான். ஆகவே கிளட்ச் தேயும்வரை காத்திருந்து, கிளட்ச், சீல், பேரிங் மூன்றையும் ஒரே தடவையில் மாற்றுவது வழக்கமாயிற்று.

ஆயில் மாற்றும் இடைவெளியிலும் மெக்கானிக்குகள் நிறுவனத்தின் கையேட்டை ஒதுக்கிவைத்தனர். அமெரிக்கக் கார்களுக்குக் கையேடு 15,000 மைல் வரை அனுமதித்தது. புதிய காரின் பராமரிப்புச் செலவு குறைவு என்று காட்ட அது உதவியது. பட்டறைகள் 5,000 மைல் அல்லது ஆண்டுக்கு ஒருமுறை என்றன. கழற்றிய ஃபில்டரை வெட்டித் திறந்து துகள் இருக்கிறதா என்று பார்ப்பதையும் பழக்கமாக்கின. மூடிவைத்து எப்போதாவது ஓட்டும் காரைவிட, தினமும் ஓடும் காரில் பேரிங் நீடிக்கிறது என்பது அவர்களின் அனுபவம். மீட்டரில் குறைந்த கிலோமீட்டர் பார்த்து மகிழ்ந்து வாங்கியவர்களுக்கு இது கசப்பான செய்தி.

மற்ற பழுதுகள்

பேரிங்கின் புகழில் மறைந்துபோனது சிலிண்டர் சுவர்க் கீறல். அலுமினிய எஞ்சின் கட்டையில் சிலிகான் கலந்த சுவரின்மேல் பிஸ்டன் நேரடியாக உரசும் அமைப்பு இது. பிஸ்டனின் பூச்சு உதிர்ந்ததும் சுவர் கீறப்படுகிறது. எஞ்சின் டக் டக் என்று தட்டும், ஆயில் குடிக்கும், ஒருபக்கப் புகைக்குழாய் மட்டும் கரிபிடித்திருக்கும். 3.4 லிட்டர் எஞ்சினை விட, அதற்குப் பின்வந்த பெரிய எஞ்சின்களில் இது அதிகம். பேரிங்கைப் போல முன்கூட்டி மாற்றித் தப்பிக்க வழியில்லை. சிலிண்டருக்குள் சிறு கேமராவை விட்டுப் பார்க்காமல் இந்தக் காரை வாங்கக்கூடாது என்று மெக்கானிக்குகள் சொல்வது இதனால்தான். எஞ்சினின் கணினியிலிருந்து, வரம்பை மீறிச் சுழற்றப்பட்ட தடவைகளின் பதிவையும் எடுத்துப் பார்ப்பார்கள்.

சிறியவை பல. முன் பம்பரின் இரு மூலைகளிலும் உள்ள காற்றுத் துளைகளில் இலை தழை சேர்ந்து, ஈரம் ஊறி, ரேடியேட்டரும் ஏசி கண்டென்சரும் அரித்துப்போகும். கையால் இலையை அள்ளிப்போட்டால் தவிர்க்கக்கூடிய செலவு. தண்ணீர்த் தொட்டியின் பிளாஸ்டிக் விரிசல் விடும். ஆயில் ஆவியைப் பிரிக்கும் கருவி கெட்டால் பின்னால் வெள்ளைப்புகை மண்டும். பார்ப்பவர் எஞ்சின் போய்விட்டதென்றே நினைப்பார்.

இந்தக் கதையிலிருந்து தப்பிய 996-கள் டர்போவும் ஜிடி3-யும். பொறியாளர் ஹான்ஸ் மெட்ஸ்கரின் பெயரால் அழைக்கப்படும், பந்தயக் கார் வழிவந்த பழைய அமைப்பிலான எஞ்சின் அவற்றில் இருந்தது. அதைச் செய்ய ஆகும் செலவும் கூடுதல். அவற்றிலும் பசையால் ஒட்டிய தண்ணீர்க்குழாய் இணைப்புகள் கழன்று பின்சக்கரத்தின்மேல் தண்ணீர் கொட்டும் குறை உண்டு. எஞ்சினைக் கீழிறக்கி, இணைப்புகளை வெல்டிங் செய்தால் அது தீரும்.

பின்னர்

2005-க்குப் பின் போர்ஷே இடைத்தண்டுக்குப் பெரிய பேரிங்கைப் பொருத்தியது. பழுது அரிதாயிற்று, ஆனால் எஞ்சினை முழுதும் பிரிக்காமல் அதை வெளியே எடுக்க முடியாது. 2009 மாடல் ஆண்டில் வந்த முற்றிலும் புதிய எஞ்சினில் இடைத்தண்டே இல்லை. 2010-களின் பிற்பகுதியிலிருந்து 996-இன் விலை மெல்ல ஏறிவருகிறது. இன்று அதை விற்க வரும் விளம்பரங்களில் நிறத்துக்கும் கிலோமீட்டருக்கும் அடுத்து, பேரிங் எப்போது மாற்றப்பட்டது, எந்தப் பட்டறையில், ரசீது இருக்கிறதா என்பவை எழுதப்பட்டிருக்கும்.