முதிர்வயதில் தொடங்கும் திக்குவாய்

அதுவரை தடையின்றிப் பேசிவந்த ஒருவருக்கு வளர்ந்த பிறகு முதன்முறையாக ஏற்படும் திக்கலே முதிர்வயதுத் திக்குவாய். ஓர் ஒலியைத் திரும்பத் திரும்பச் சொல்வது, இழுத்துச் சொல்வது, வாய் திறந்தும் சொல் வெளிவராமல் முட்டி நிற்பது ஆகியவை இதன் அடையாளங்கள். குழந்தைப்பருவத் திக்குவாய் பெரும்பாலும் 2 வயதுக்கும் 5 வயதுக்கும் இடையில் தொடங்கும். பலருக்குத் தானாகவே மறைந்தும் போகும். வளர்ந்தவருக்குப் புதிதாக வருவதைப் போகப் போகச் சரியாகிவிடும் என்று விட்டுவிடக் கூடாது. அதன் பின்னால் மருத்துவர் தேடிப் பார்க்க வேண்டிய காரணம் இருக்கும்.

வரலாறு

இத்தகைய திக்கல் பெருமளவில் கவனத்துக்கு வந்தது முதல் உலகப்போரின்போது. பதுங்குகுழிகளிலிருந்து திரும்பிய படைவீரர்களில் பலர் பேச்சையே இழந்திருந்தார்கள். இன்னும் பலருக்குப் பேச்சு திக்கியது. ஸ்காட்லாந்தின் கிரெய்க்லாக்கார்ட் மருத்துவமனையில் போர் அதிர்ச்சிக்கு ஆளான அதிகாரிகளுக்குச் சிகிச்சை அளித்தவர் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் (1864–1922). அவரும் இளவயதிலிருந்தே திக்குவாய் உடையவர். அவருடைய தாய்வழிப் பாட்டனார் தாமஸ் ஹண்ட்டும் தாய்மாமன் ஜேம்ஸ் ஹண்ட்டும் இங்கிலாந்தில் திக்குவாய்க்குச் சிகிச்சை அளித்துப் பெயர் பெற்றவர்கள். தந்தையும் பின்னாளில் அதே பணியைச் செய்தார். நோயாளியை அதட்டாமல், அவர் அனுபவித்த கொடுமையைப் பேசவிட்டுக் கேட்பது ரிவர்ஸின் முறை. பேச்சைத் திரும்ப வரவழைக்க மின்அதிர்ச்சி கொடுத்தவர்களும் அக்காலத்தில் இருந்தார்கள் என்பதை நினைத்தால் அவருடைய பெருமை விளங்கும்.

வகைகள்

1971இல் ஜெரால்டு கேன்டர், மூளைப் பாதிப்பால் வரும் நரம்புவழித் திக்குவாயைத் தனியாக வரையறுத்து, அதை மூன்றாகப் பிரித்தார். பேச்சுத்தசைகளின் இயக்கம் குன்றுவதால் வருவது முதலாவது. வாயசைவுகளைத் திட்டமிட்டு வரிசைப்படுத்த முடியாததால் வருவது இரண்டாவது. உரிய சொல் நினைவுக்கு வராமல் தடுமாறுவது மூன்றாவது. குழந்தைப்பருவத் திக்கலிலிருந்து இதைப் பிரித்தறியவும் அவர் குறிப்புகள் தந்தார். திக்கல் சொல்லின் முதலில் மட்டும் அல்லாமல் நடுவிலும் கடைசியிலும் வரும். ஒரே பத்தியைப் பலமுறை படித்தாலும் குறையாது. பேசுபவர் எரிச்சல் அடைவார். ஆனால் முகத்தைச் சுளிப்பதும் அச்சத்தால் சொற்களைத் தவிர்ப்பதும் குறைவு. பின்வந்த ஆய்வுகள் இக்குறிப்புகள் எல்லா நோயாளிக்கும் பொருந்தவில்லை என்று காட்டின. எனினும் முதல் சோதனைக்கு இவை இன்றும் பயன்படுகின்றன.

காரணங்களில் முதலிடம் பக்கவாதத்துக்கே. பெல்ஜியத்தில் 319 பக்கவாத நோயாளிகளைப் பின்தொடர்ந்து 2011இல் வெளியிடப்பட்ட ஆய்வில் 17 பேருக்குத் திக்கல் தோன்றியிருந்தது. அவர்களில் 8 பேருக்காவது ஆறு மாதத்துக்கு மேலும் நீடித்தது. தலைக்காயம், வலிப்பு, பார்கின்சன் நோய் ஆகியவற்றாலும் வரலாம். ஆஸ்துமாவுக்கான தியோஃபிலின், மனநோய்க்கான க்ளோஸபின் போன்ற மருந்துகளாலும் வருவதுண்டு. மருத்துவர் மருந்தை மாற்றினாலோ அளவைக் குறைத்தாலோ பெரும்பாலும் நின்றுவிடும். நோயாளி தானாக மருந்தை நிறுத்துவது ஆபத்து. மூளையின் இடப்பக்க அடிப்பகுதியிலுள்ள பியூட்டமென் என்னும் முடிச்சைச் சார்ந்த வலைப்பின்னலே முதிர்வயதுத் திக்கலுக்கும் பிறவகைத் திக்கலுக்கும் பொதுவான இடம் என்பதை 2024இல் வெளியான ஆய்வு காட்டியது. அதிர்ச்சியாலும் துயரத்தாலும் வரும் மனவழித் திக்கல் ஒரு தனி வகை. அதுவும் உண்மையான நோய்தான், நடிப்பு அல்ல.

சமாளித்தல்

திடீரென்று திக்கல் தொடங்கி, முகம் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, அது பக்கவாதமாக இருக்கலாம்; உடனே 108ஐ அழைக்க வேண்டும். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசிக்கு வழக்கமாக நாலரை மணி நேரமே கெடு.

அபாயம் நீங்கிய பின் பயிற்சி. பேச்சின் வேகத்தைக் குறைப்பது, மூச்சை விட்டபடி முதல் ஒலியை மென்மையாகத் தொடங்குவது, அசைக்கு ஒரு விரலாகத் தட்டிக்கொண்டு பேசுவது ஆகியவை அடிப்படை. தன் குரலைச் சற்றுத் தாமதமாகத் தன் காதுக்கே கேட்கச் செய்யும் கருவி சிலருக்கு உதவுகிறது. 'எனக்குப் பேச்சு திக்கும், கொஞ்சம் பொறுங்கள்' என்று உரையாடலின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது மிகப் பெரிய பலன் தருகிறது. மறைக்கும் முயற்சியே தடையை இறுக்குகிறது. வீட்டார் வாக்கியத்தை முடித்துக் கொடுக்காமல் காத்திருக்க வேண்டும். கடையிலும் தொலைபேசியிலும் அவருக்குப் பதிலாகப் பேசுவது அன்பினால்தான் என்றாலும், அவரை வாய்மூட வைத்துவிடும்.

மைசூருப் பகுதி

இந்தியாவில் இத்துறைக்குத் தாய்வீடு மைசூருவின் அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் நிறுவனம். 1965இல் தொடங்கி 1966இல் தன்னாட்சி பெற்ற இது, மத்திய சுகாதார அமைச்சகத்தின் கீழ் மானசகங்கோத்ரியில் இயங்குகிறது. மாதேஸ்வரன் மலைக்கும் ஒகேனக்கல்லுக்கும் இடையிலுள்ள கோபிநத்தம் போன்ற தமிழ் பேசும் ஊர்களுக்கும் இதுவே கர்நாடகத்துக்குள் உள்ள பெரிய நிலையம். கோபிநத்தம் 1997 வரை மைசூரு மாவட்டத்தில் இருந்தது. இப்போது சாமராஜநகர் மாவட்டத்தைச் சேர்ந்தது. இவ்வூர் அடங்கிய கொள்ளேகாலம் பகுதி 1956 வரை சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்ததால் அங்கு தமிழ் வேரூன்றியது. இவ்வூர்க்காரர்களுக்குப் பயிற்சிப் பத்திகளைத் தமிழில் கொடுப்பதே முறை. வீட்டில் பேசும் மொழியில் சரளம் வராமல் கன்னடத்தில் மட்டும் வந்து பயனில்லை.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், நரம்பு அல்லது உடலியல் காரணத்தால் ஏற்படும் நிரந்தரப் பேச்சு, மொழிக் குறைபாட்டையும் பட்டியலில் சேர்த்துள்ளது. பக்கவாதத்துக்குப் பின் நிலைத்துவிடும் திக்கல் இதற்குள் அடங்க வேண்டியதே. திக்குவாயர்கள் தாங்களே நடத்தும் தன்னுதவிக் குழுக்களும் இப்போது இந்திய நகரங்களில் இயங்குகின்றன.