பல்லிய நெறியாளரும் அண்ணாவியாரும்

1975ஆம் ஆண்டிலே வெனிசுவேலாவின் தலைநகராகிய கரகாஸில், வாகனக் கொட்டிலொன்றில் 50 இசைத்தாள் தாங்கிகள் நிறுத்தப்பட்டிருந்தன. பயிற்சிக்கு வந்தோர் 11 பேரே. அவர்களை அழைத்த ஹோசே அந்தோனியோ அப்ரேயு (1939–2018) பொருளியலறிஞர். இசையமைப்பும் பல்லிய நெறியாள்கையும் கற்றவர். வெற்றிடங்களைக் கண்டு அவர் முயற்சியைக் கைவிடவில்லை. 'எல் சிஸ்தேமா' எனப் பின்னர் உலகறிந்த இசைக்கல்வி இயக்கம் இவ்வாறே தோன்றிற்று.

மேலைத்தேயப் பல்லியம் அரசவையிலும் செல்வர் மன்றங்களிலும் வளர்ந்த கலை. வாத்தியம் வாங்கவும் ஆசிரியரை அமர்த்தவும் வசதியுடையோர் பல்லாண்டு தனித்துப் பயின்ற பின்னரே அதில் இடம்பெற முடிந்தது. அப்ரேயு இவ்வொழுங்கினைத் தலைகீழாக்கினார். தொடக்கத்திலிருந்தே பிள்ளை குழுவில் அமரும். சற்று முன்னே கற்ற பிள்ளை பின்வந்த பிள்ளைக்குக் கற்பிக்கும். வறுமையின் கொடுமை பசியில் மட்டுமன்றி, தான் ஒரு பொருட்டாக மதிக்கப்படாமையிலும் உள்ளது என்பது அவர் கருத்து. 1990களில் பார்கிசிமெத்தோ நகரில் மாற்றுத்திறனுடைய பிள்ளைகளுக்கான பிரிவும் உருவாயிற்று. செவிப்புலனற்ற சிறுவர் வெண்கையுறை அணிந்து, பாடலைக் கையசைவுகளால் நிகழ்த்தும் குழு அதன் வழிவந்ததே. கேளாதாரும் இசையில் பங்குகொள்ளலாம் என்று காட்டிய இதனை, அவ்வியக்கம் ஈன்ற புகழ்மிக்க நெறியாளர் எவரினும் பெரிய சாதனை எனக் கொள்வது மிகையாகாது.

2009இல் போர் முடிவுற்றபின், இவ்வியக்கத்தை முன்மாதிரியாகக் கொண்ட 'மியூசிக் புரொஜெக்ட்' என்னும் அமைப்பு முல்லைத்தீவு, குருநாகல் மாவட்டங்களின் பாடசாலைப் பிள்ளைகளிடையே பணியாற்றத் தொடங்கிற்று. தமிழ்ப் பிள்ளைகளும் சிங்களப் பிள்ளைகளும் ஒரே பல்லியத்தில் அமர்ந்தனர். ஒருவர் மொழியை மற்றவர் அறியாவிடினும், சுரக்குறியீடும் நெறியாளரின் கையசைவும் இருவர்க்கும் பொது. நல்லிணக்கம் பற்றிய மேடைப்பேச்சுக்கள் மலிந்த நாட்டில் இது சிறு காரியமன்று.

எனினும், வன்னி இசைக்கல்வியற்ற வெற்றுநிலமாக இருந்ததெனக் கொள்வது தவறு. முல்லைத்தீவுப் பகுதியின் கோவலன் கூத்து, வற்றாப்பளையை மையமாகக் கொண்ட கண்ணகி வழிபாட்டுச் சூழலில் நிலைத்தது. உழவரையும் கடற்றொழிலாளரையும் இரவுகளில் கூட்டி, எழுத்தறியாதவர்க்கும் வாய்மொழியாகவே பாட்டும் தாளமும் ஆட்டமும் பயிற்றி அரங்கேற்றியவர் அண்ணாவியார். கட்டணமோ தேர்வோ அங்கு வாயிலடைக்கவில்லை. ஆயினும் வேறு வாயில்கள் அடைபட்டிருந்தன. பெண் பாத்திரங்களையும் ஆடவரே ஆடினர். சாதி எல்லையும் பல ஊர்களிற் கூத்தைக் கட்டுப்படுத்திற்று. 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்திலே பேராசிரியர் சு. வித்தியானந்தன், மட்டக்களப்பு அண்ணாவிமாரின் துணையுடன் 'கர்ணன் போர்' முதலிய கூத்துக்களை மாணவரைக் கொண்டு மேடையேற்றியமை இம்மரபுக்குப் புதிய வாயிலொன்றைத் திறந்தது.

அப்ரேயுவின் முறையும் குறையற்றதன்று. 2014இல் வெளிவந்த நூலொன்றில் ஜெப்ரி பேக்கர் என்னும் ஆய்வாளர், பல்லியம் கீழ்ப்படிவைக் கற்பிக்கின்றதேயன்றிப் பிள்ளையின் சுயசிந்தனையை வளர்ப்பதில்லை எனக் கடிந்தார். மேடைமீது தனித்து நின்று கோலசைப்பவர் ஒருவர். ஏனையோர் அவர் வழி நடப்போர். இக்கண்டனம் முற்றும் புறந்தள்ளத்தக்கதன்று. ஆனால் அண்ணாவியாரும் கண்டிப்புக்குப் பேர்போனவரே. நிற்குமிடந்தான் வேறு: பல்லிய நெறியாளர் எவ்வொலியும் எழுப்பாது குழுவின் எதிரே நிற்பார், வட்டக்களரியின் அண்ணாவியாரோ கூத்தரின் நடுவே நின்று, தாமும் மத்தளம் முழக்கிப் பாடுவார்.