மாத்திரை கலந்த ஆற்றில் மட்டிகளின் நிலை

நாம் விழுங்கும் மாத்திரை முழுவதும் உடலிலேயே தீர்ந்துவிடுவதில்லை. ஒரு பகுதி சிறுநீரோடு வெளியேறி, சாக்கடை வழியாகச் சுத்திகரிப்பு நிலையத்துக்குச் செல்கிறது. அந்நிலையங்கள் மனிதக் கழிவை அகற்றுவதற்காகக் கட்டப்பட்டவை. பல மருந்துகள் அவற்றைத் தாண்டி ஆற்றில் கலந்துவிடுகின்றன.

ஆற்று மணலில் புதைந்து வாழும் மட்டிகளுக்கு இதிலிருந்து தப்ப வழியில்லை. நாள் முழுவதும் நீரை உள்ளிழுத்து வடிகட்டித்தான் அவை உணவு தேடுகின்றன. மீனைப் போல வேறிடத்துக்கு நீந்திச் செல்லவும் முடியாது.

மனச்சோர்வுக்குத் தரப்படும் ஃபுளூவோக்ஸெட்டின் மருந்தை எடுத்துக்கொள்வோம். இது செரட்டோனின் என்ற வேதிப்பொருள் வழியாகச் செயல்படுகிறது. அந்தச் செரட்டோனின் மட்டியின் உடலிலும் உண்டு; முட்டையையும் விந்தையும் நீரில் விடச் செய்வதில் அதற்குப் பங்கிருக்கிறது. அமெரிக்காவின் கெட்டிஸ்பர்க் கல்லூரியைச் சேர்ந்த பீட்டர் ஃபாங் 1998இல் வெளியிட்ட ஆய்வில், இவ்வகை மருந்துகள் குறைந்த அளவிலேயே ஸீப்ரா மட்டிகளை இனப்பெருக்கத்துக்குத் தூண்டின.

ஸீப்ரா மட்டி அமெரிக்காவுக்கு வேண்டாத விருந்தாளி. கவலையெல்லாம் அந்நாட்டுக்கே உரிய மட்டிகளைப் பற்றித்தான். அவற்றின் இளம் உயிரிகள் மீனின் செவுளில் சில வாரங்கள் ஒட்டி வளர வேண்டும். லாம்ப்சிலிஸ் வகைப் பெண் மட்டி இதற்காகத் தன் சதை ஓரத்தைச் சிறு மீனைப் போல அசைக்கும். கொத்த வரும் பெரிய மீனின் வாயில் தன் இளம் உயிரிகளைப் பீய்ச்சிவிடும். என்ன நுட்பமான ஏற்பாடு! நேரம் தவறி வெளியேறினால் மீன் கிடைக்காமல் அவை மடியும். ஆய்வகத்தில் ஃபுளூவோக்ஸெட்டின் கலந்த நீரில், பிழைக்கும் திறனற்ற இளம் உயிரிகளைச் சில மட்டிகள் வெளியேற்றின. அங்கே பயன்படுத்தப்பட்ட அளவு ஆற்றில் இருப்பதைவிட மிக அதிகம் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கனடாவின் கியூபெக் மாகாண ஆறொன்றில் வேறொரு மாற்றம். கழிவுநீர் கலக்கும் இடத்துக்கு மேலே 30 சதவீதமாக இருந்த பெண் மட்டிகள், அதற்குக் கீழே 80 சதவீதமாக இருந்தன. கழிவுநீரில் கருத்தடை மாத்திரையின் ஹார்மோன் மட்டுமல்ல, மனித உடலின் இயற்கை ஹார்மோனும் வருகிறது. ஆகவே பழியை மாத்திரை மீது மட்டும் போடுவது நியாயமல்ல.

பல மட்டி இனங்கள் பத்தாண்டுகள் கணக்கில் வாழ்பவை. குஞ்சுகள் உருவாகாமல் போனாலும், பழைய மட்டிகளைப் பார்த்து ஆறு நலமாக இருப்பதாகவே நினைத்துக்கொள்வோம்.

இதற்காக நோயாளி மருந்தை நிறுத்தக் கூடாது. மீந்த மாத்திரையைக் கழிப்பறையில் கொட்டாதிருந்தால், அந்த அளவேனும் ஆற்றுக்குப் போகாது. சிறுநீர் வழியே போவதை நிலையத்தில்தான் தடுக்க முடியும். ஓசோனும் தூளாக்கிய கரியும் கொண்டு மருந்து எச்சங்களை அகற்றும் வசதியைக் குறிப்பிட்ட நிலையங்களில் ஏற்படுத்த, சுவிட்சர்லாந்து 2016 முதல் சட்டமாக்கியிருக்கிறது.