சிகாகோவில் பிறந்த முத்திரை

என் அத்தைக்குச் சிக்கனம் என்றால் உயிர். பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு மார்கழி மாதத்தில், வாளித் தண்ணீரைச் சுடவைக்கும் ஹீட்டர் ஒன்றை நடைபாதைக் கடையில் பாதி விலைக்கு வாங்கி வந்தாள். மூன்றாம் நாள் காலையில், சூடு பதமா என்று வாளியில் விரலை வைத்தவளைத் தூக்கி எறிந்தது. உயிர் பிழைத்தது தெய்வாதீனம். வலது கை மட்டும் ஒரு மாதம் மரத்துக் கிடந்தது.

ஹீட்டரை எடுத்துப் பார்த்தேன். பிடியில் ஐ.எஸ்.ஐ. முத்திரை பளிச்சென்று இருந்தது. “முத்திரை போட்ட சாமானே இந்த லட்சணமா?” என்று எலெக்ட்ரீஷியனிடம் கோபித்துக் கொண்டேன். அவர் சிரித்தார். “படத்தை யார் வேண்டுமானாலும் போடலாம் ஸார், நம்பர் எங்கே?” என்றார்.

அந்த நம்பரைப் பற்றி விசாரிக்கப் புறப்பட்டவன், புத்தகங்களின் வழியாகச் சிகாகோ வரையில் போக வேண்டியதாயிற்று.

சிகாகோ என்றவுடன் நமக்கு விவேகானந்தர் நினைவுதான் வரும். 1893 செப்டம்பரில் அவர் பேசிய சர்வமத மகாசபை, அங்கே நடந்த உலகப் பொருட்காட்சியை ஒட்டிக் கூட்டப்பட்டது. ஆனால் பொருட்காட்சிக்கு வந்த லட்சோபலட்சம் ஜனங்களைச் சொக்க வைத்தது மின்சார விளக்கு. வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றியவர்களுக்கு, ஒரே இடத்தில் ஏறக்குறைய ஒரு லட்சம் விளக்குகள் எரிந்தால் எப்படி இருந்திருக்கும்!

பளிங்கு மாளிகைகளைப் போல் ஜொலித்த அந்தக் கட்டடங்கள், உண்மையில் சட்டங்களின் மேல் நார் கலந்த சாந்தைப் பூசி எழுப்பியவை. அவற்றினூடே மின்சாரக் கம்பிகள். ஊரெல்லாம் மயங்கி நின்றபோது, வயிற்றில் நெருப்பைக் கட்டிக் கொண்டு நின்றவர்கள் தீ இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிக்காரர்கள். 1871-ல் இதே சிகாகோவில் 17,000-க்கு மேற்பட்ட கட்டடங்கள் எரிந்து, பல கம்பெனிகள் திவாலானதை அவர்கள் எப்படி மறப்பார்கள்?

கம்பிகளைப் பரிசோதிக்க அவர்கள் வரவழைத்தவர், பாஸ்டன் நகரைச் சேர்ந்த வில்லியம் ஹென்றி மெரில். இருபத்தைந்து வயதை ஒட்டிய வாலிபர், மின்சாரம் படித்தவர். அவர் கம்பியைப் பார்த்ததோடு நிற்கவில்லை. மின்சாரச் சாமான் எதுவானாலும் முதலில் சோதனை செய்து, பிறகுதான் ஜனங்கள் கையில் கொடுக்க வேண்டும் என்று எண்ணினார். 350 டாலர் பெறுமான கருவிகளோடு, இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிகளின் தீயணைப்பு நிலையம் ஒன்றின் மாடியில் ஒரு பரிசோதனைக்கூடம் தொடங்கினார். முதல் சோதனை 1894 மார்ச் 24-ந் தேதி, தீப்பற்றாத காப்புப் பொருள் ஒன்றின் மேல் நடந்தது. 1901-ல் அது ‘அண்டர்ரைட்டர்ஸ் லபாரட்டரீஸ்’ என்ற முறையான ஸ்தாபனமாயிற்று. யு.எல். என்று இன்றும் சாமான்களின் அடியில் காண்கிறோமே, அதுதான்.

இதில் தர்ம சிந்தனையைத் தேடினால் ஏமாந்து போவோம். பணம் போய்விடுமே என்ற பயத்தில் பிறந்த காரியம் இது. அதனால் அதன் மேல் எனக்கு மதிப்புக் குறையவில்லை. கைப்பணம் போகும் என்று பயந்தவன் செய்யும் சோதனையில் கண்டிப்பு இருக்கும்.

மெரில் கூட்டத்தார் சீக்கிரமே ஒரு சங்கடத்தை உணர்ந்தார்கள். சோதனைக்கு வரும் மாதிரி அப்பழுக்கில்லாமல் இருக்கும். அதைக் காட்டித் தேறிய பிறகு, தொழிற்சாலையில் எதைச் செய்கிறார்கள் என்று யார் கண்டது? பெண் பார்க்க வந்த அன்று போட்டிருந்த நகையெல்லாம் இரவல் என்று பிற்பாடு தெரிகிற கதைதான். ஆகவே லேபிள் முறையைக் கொண்டு வந்தார்கள். இன்ஸ்பெக்டர்கள் தொழிற்சாலைக்கே போய்த் தொடர்ந்து பார்ப்பார்கள். லேபிளின் மதிப்பெல்லாம் அந்தப் போக்குவரத்தில்தான் இருந்தது.

ஐரோப்பாவில் வழி வேறு. 1993-ல் ஒழுங்கு செய்யப்பட்ட சி.இ. குறியைப் பெரும்பாலான மின்னணுச் சாமான்களுக்குத் தயாரிப்பாளரே போட்டுக் கொள்ளலாம். விதிப்படி செய்தேன் என்று அவர் தம் பொறுப்பில் கொடுக்கும் வாக்கு அது. அதைத் தரச் சான்று என்று நினைத்துக் காசு கொடுப்பவர்கள் நம்மிடையே ஏராளம்.

நம் நாட்டில் இந்தியத் தர நிர்ணய ஸ்தாபனம் 1947-ல் தொடங்கியது; முத்திரைக்கான சட்டம் 1952-ல் வந்தது. 1987-ல் ஸ்தாபனத்தின் பெயர் மாறி ‘பீரோ’ ஆன பிறகும், ஐ.எஸ்.ஐ. என்ற மூன்றெழுத்து முத்திரையில் தங்கிவிட்டது. 2012-ம் ஆண்டு உத்தரவு, மடிக்கணினி, டெலிவிஷன் முதலிய 15 வகைச் சாமான்களுக்கு, சோதனை முடித்துப் பதிவு எண் வாங்குவதைக் கட்டாயமாக்கியது.

எலெக்ட்ரீஷியன் கேட்ட நம்பர் விஷயத்துக்கு வருகிறேன். ஐ.எஸ்.ஐ. முத்திரையின் மேலே, எந்த விதியின்படி சாமான் செய்யப்பட்டது என்ற எண் இருக்க வேண்டும். வாளி ஹீட்டருக்கு அது ஐ.எஸ். 368. கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் லைசென்ஸ் எண். எந்தத் தொழிற்சாலைக்கு அனுமதி கொடுக்கப்பட்டது என்பதை அதைக் கொண்டு கண்டுபிடித்துவிடலாம். இப்போது கைபேசியிலேயே பார்க்கலாம்.

அத்தையின் ஹீட்டரில் மேலேயும் ஒன்றும் இல்லை, கீழேயும் ஒன்றும் இல்லை. இதையெல்லாம் அவளுக்கு விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “கடைக்காரன் படம் இருக்கிறது என்றுதானேடா சொன்னான், அது மட்டும் நிஜந்தானே?” என்றாள்.