பினாங்கில் பழகிய கண்

1839-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் தகேர் என்பாரின் நிழற்பட முறை பாரிசு மாநகரில் உலகறிய வெளியிடப்பட்டது. அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்னர், 1837 ஜூன் 14-ஆம் நாள், ஸ்காட்லாந்தின் தலைநகராகிய எடின்பரோவில் ஜான் தாம்சன் பிறந்தார். தந்தையார் புகையிலைத் தொழில் செய்து பெரிய குடும்பத்தைக் காத்தவர். கலைச்செல்வம் கொழித்த குடும்பம் என்று அதனைக் கூறவியலாது. சிறுவன் தாம்சன் எழுத்தறிவு பெற்றதும், கண்ணாடி வில்லைகளும் அறிவியற் கருவிகளும் செய்யும் பட்டறை ஒன்றில் தொழில் பழகச் சேர்க்கப்பட்டார். பகலெல்லாம் வில்லை தேய்த்தவர், மாலையில் வாட் கலைப்பள்ளியின் வகுப்புகளில் அமர்ந்து இயற்பியலும் கணிதமும் வேதியியலும் கற்றார். 1857, 1858 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் சான்றிதழ் பெற்றார். தொழிலாளருக்கென மாலை வகுப்பு நடத்திய அப்பள்ளியே வளர்ந்து இன்று ஹெரியட்-வாட் பல்கலைக்கழகமாக விளங்குகிறது.

நிழற்படக் கலைஞரின் 'கண்' பிறவியிலேயே அமைவது என்று கருதுவோர் பலர். தாம்சனின் வாழ்க்கை அக்கருத்திற்குத் துணை நிற்பதாக இல்லை. அவருக்குக் கை முதலில் பழகியது. கண் அதன்பின் மெல்ல மெல்லத் திறந்தது. அது திறந்த வழியில் முதற்பெரும் படி நம் பினாங்குத் தீவில் அமைந்தது என்பது இந்நாட்டு மாணவர் அறிந்துகொள்ள வேண்டிய செய்தியாகும்.

அவருடைய தமையனார் வில்லியம் என்பவர் அப்பொழுது சிங்கப்பூரில் கடிகாரத் தொழில் நடத்தி வந்தார். அவரைத் தொடர்ந்து 1862-ஆம் ஆண்டு ஏப்ரலில் தாம்சன் எடின்பரோவை விட்டுக் கப்பலேறினார். சிங்கப்பூர் துறைமுகத்திற்கு வரும் கப்பல்களுக்கு வேண்டிய காலமானிகளையும் கடற்பயணக் கருவிகளையும் செய்து விற்பதும் செப்பனிடுவதும் உடன்பிறந்தார் இருவரின் தொழிலாயின. அதனுடன் ஒரு நிழற்பட நிலையமும் சேர்ந்தது. சிறு அட்டையில் ஒட்டிய உருவப்படங்களைப் பிறந்த ஊருக்கு அனுப்ப விரும்பிய ஐரோப்பியரே அந்நிலையத்தை நாடி வந்தனர். அவ்வாண்டின் பிற்பகுதியிலும் மறு ஆண்டிலுமாக ஏறத்தாழப் பத்து மாதங்களைத் தாம்சன் பினாங்கிலும், அதற்கு எதிரே நிலப்பகுதியில் இருந்த வெல்லெஸ்லி மாநிலத்திலும், அதாவது இன்றைய செபராங் பிறையிலும், படமெடுத்துக் கழித்தார்.

அந்நாளில் படமெடுத்தல் எத்தகைய வேலை என்பதை இங்கே சற்று விரித்துரைக்க வேண்டும். கைப்பேசியை நீட்டிய நொடியில் பத்துப் படங்களைப் பெறும் இன்றைய மாணவர்க்கு அது வேறோர் உலகமாகத் தோன்றும்.

ஆர்ச்சர் என்னும் ஆங்கிலேயர் 1851-இல் வெளியிட்ட ஈரத்தட்டு முறையே அப்பொழுது வழக்கில் இருந்தது. வெடிப்பஞ்சை ஈதரிலும் ஆல்கஹாலிலும் கரைத்துப் பெறும் பசை போன்ற நீர்மத்திற்குக் கொலோடியன் என்று பெயர். அதில் அயோடைடு உப்பைச் சேர்ப்பர். கறையின்றித் துடைத்த கண்ணாடித் தகட்டை ஒரு மூலையில் விரலாற் பிடித்துக்கொண்டு, இந்நீர்மத்தை நடுவே ஊற்றி, நான்கு மூலைக்கும் ஓடவிட்டு, மிகுதியைப் புட்டியிலேயே வடித்துவிட வேண்டும். அப்பூச்சு எங்கும் ஒரே அளவில் படிதல் வேண்டும். கை நடுங்கினால் படத்தில் வரி விழும். பின்னர் இருட்டில் வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் தகட்டை அமிழ்த்தி எடுத்து, ஈரம் உலருமுன் கருவியில் பொருத்தி, வில்லையின் மூடியைக் கையால் அகற்றி, மனத்தால் நொடிகளை எண்ணி, மீண்டும் மூட வேண்டும். உடனே இருட்டுக் கூடாரத்திற்கு ஓடி, உருத்துலக்கி, கழுவி, நிலைப்படுத்தி, உலர்த்தி, மேலே வார்னிஷ் பூச வேண்டும். ஒரு படத்திற்கு இத்தனை வேலைகள். இவற்றுள் ஒன்று பிழைத்தாலும் தகட்டைச் சுரண்டித் துடைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்க நேரும்.

குளிர்நாட்டில் சில நிமிடங்கள் ஈரமாக இருக்கும் தகடு பினாங்கின் வெயிலில் விரைந்து உலர்ந்துவிடும். ஈதர் கொதிப்பதற்கு 35 பாகை வெப்பமே போதும். நம் நாட்டு நண்பகல் அதற்கு மிகத் தொலைவில் இல்லை. மூடிய கூடாரத்தினுள் அந்த ஆவியை மூச்சாக வாங்கிக்கொண்டு வியர்வை வழிய நின்று வேலை செய்தல் எளிதன்று. ஒரு துளி வியர்வை தகட்டின்மேல் விழுந்தால் அப்படம் அத்துடன் முடிந்தது. மேலும் படத்தைப் பெரிதாக்கும் வழியும் அன்று எளிதாக இல்லை. எவ்வளவு பெரிய படம் வேண்டுமோ அவ்வளவு பெரிய கண்ணாடித் தகட்டையே சுமந்து செல்ல வேண்டும். அதற்கேற்பக் கருவியும் பெரிதாகும். கூடாரம், மருந்துப் புட்டிகள், தண்ணீர், தகட்டுப் பெட்டிகள் எனச் சுமப்பதற்கே ஆட்கள் தேவைப்பட்டனர்.

தகடு முடிந்தபின் தாளில் படியெடுக்கும் வேலை தொடங்கும். முட்டை வெண்கரு பூசிய தாளுக்கு வெள்ளி நைட்ரேட்டு ஊட்டி, தகட்டோடு சேர்த்துச் சட்டத்தில் இறுக்கி, வெயிலில் வைத்துப் பதம் பார்க்க வேண்டும். மேகம் மறைத்தால் காத்திருக்க வேண்டும். வெயில் மிகுந்தால் படம் கருகிவிடும். பதத்தில் எடுத்த தாளைப் பொன் உப்புக் கரைசலில் நனைத்து நிறமேற்றிப் பலமுறை நீரில் அலச வேண்டும். படியெடுப்பவரின் கண்ணும் படமெடுப்பவரின் கண்ணைப் போலவே கூர்மையாக இருந்தாலன்றி நல்ல படம் அமையாது.

இவ்வேலைக்குத் தாம்சன் பினாங்கில் ஆள் தேடினார். மனிதக் கை படாமல் உருவத்தைப் பிடிக்கும் இத்தொழிலைச் சூனியம் போலக் கருதிச் சீனர் ஒதுங்கினர். முடிவில் அவர் சென்னைக்காரர் இருவரைத் தேர்ந்து, படியெடுக்கவும் உடனுதவவும் பயிற்றினார் என்று 1875-இல் வெளிவந்த தம் பயண நூலில் எழுதியுள்ளார். தென்னிந்தியரைக் குறிக்க அந்நாளில் வழங்கிய 'கிளிங்' என்னும் சொல்லையே அவரும் ஆள்கிறார். அவர்கள் தமிழராகவே இருத்தல் கூடும் என்பதை அக்காலப் பினாங்கை அறிந்தோர் ஒப்புவர். அவர்கள் நல்ல படியெடுப்பாளர் என்பதையும் அவர் மறைக்கவில்லை. ஆயினும், வெள்ளி நைட்ரேட்டின் கறை அவர்தம் மேனி நிறத்தோடு ஒத்திருந்தது என்று நகையாடுவதற்கு இடம் கண்ட அந்நூலில், அவர்களுடைய பெயரை எழுதுவதற்கு இடம் காணவில்லை.

மேனி நிறம் பற்றிய அந்நகைப்பைக் குடியேற்றக் காலத்தின் பழக்கமென்று தள்ளிவிடலாம். அதனைக் காட்டிலும் ஆராயத்தக்கது, அந்நாளைய தாம்சன் எதனைப் பார்த்தார், எதனைப் பார்க்கவில்லை என்பதாகும்.

அக்காலத் தகட்டிற்கு எல்லா நிறமும் ஒன்றாகத் தெரிவதில்லை. நீலத்தை அது மிகுதியாக ஏற்கும். பச்சையையும் சிவப்பையும் ஏற்பதரிது. ஆகவே நீல வானம் வெறும் வெண்மையாகவும், பசுமை செழித்த தோப்பு கரிய திரளாகவும் பதியும். வெள்ளாடை அணிந்தவர் ஒருவரையும் நிழலில் நிற்கும் மரத்தையும் ஒரே தகட்டில் தெளிவாகக் காட்டுவது பெரும்பாடு. தென்னை ஓலை காற்றில் அசைந்தால் புகைபோலாகிவிடும். இந்நிலையில் பினாங்கின் காட்சிகளை எடுக்க வேண்டியவர், தம் கண்ணுக்குத் தெரியும் நிறங்களை மறந்து, தகட்டின் கண்கொண்டு உலகைப் பார்க்கப் பழக வேண்டும். நிறம் நீங்கினால் எஞ்சுவது ஒளியும் நிழலும் வடிவமுமே. படப்பயிற்சியின் முதற்பாடமே இதுதான். வெப்ப நாட்டின் பசுமை அதனை அவருக்கு நாள்தோறும் புகட்டியது.

மக்களைப் பார்ப்பதில் அவருடைய கண் அப்பொழுது அவ்வளவு தேறவில்லை. ஐரோப்பியக் குடியிருப்பினர் விரும்பி வாங்கியவை இயற்கைக் காட்சிகளும், 'இன்ன இனத்தார் இப்படி இருப்பர்' என்று காட்டும் வகைப்படங்களும் ஆகும். வகைப்படத்தில் நிற்பவர்க்குப் பெயர் தேவையில்லை. தாம்சன் அவற்றை எடுத்தார், விற்றார், அவருடைய தொழில் வளர்ந்தது.

1864 அக்டோபரில் கல்கத்தாவைத் தாக்கிய பெரும் புயலின் அழிவுகளைப் படமெடுத்தபின், 1865-இல் சிங்கப்பூர் நிலையத்தை விற்றுவிட்டுச் சியாம் சென்றார். அங்கே மன்னர் மோங்குட் படமெடுத்துக்கொள்ள இசைந்தார். வெள்ளுடையில் வந்து வழிபடும் நிலையில் இருக்க எண்ணிய மன்னர், திடீரென உள்ளே சென்று பிரெஞ்சுப் படைத்தளபதியின் உடை போன்றதோர் உடையில் திரும்பினார் என்கிறார் தாம்சன். தம்மை உலகம் எவ்வாறு காண வேண்டும் என்பதைப் படத்தில் நிற்பவரே முடிவு செய்த அந்நிகழ்ச்சி அவருக்கொரு பாடமாக அமைந்திருக்க வேண்டும்.

1860-இல் அங்கோர் சென்ற பிரெஞ்சு நாட்டினர் மூஓவின் நூலைப் படித்த ஆர்வத்தால், 1866 ஜனவரி 27-இல் தாம்சன் பாங்காக்கிலிருந்து கம்போடியக் காட்டிற்குப் புறப்பட்டார். பிரிட்டிஷ் தூதரகத்தைச் சேர்ந்த கென்னடி என்பவர் உடன் சென்றார். வழியில் காட்டுக் காய்ச்சல் தாம்சனைத் தாக்கியது. கென்னடியின் உதவியால் உயிர் தப்பினார் எனலாம். அங்கோரில் அவர் தங்கியது ஏறத்தாழ இரண்டு வாரங்களே. அவ்விடிபாடுகளை முதன்முதல் நிழற்படமாக்கியவர் அவரே என்று வரலாற்றாசிரியர் கொள்வர்.

அப்படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் பட்டறையில் பழகிய கையும் பினாங்கில் பழகிய கண்ணும் ஒன்றாக உழைத்திருப்பது தெரியும். தொலைவில் நின்று கோயிலின் முழு முகப்பையும் எடுப்பார். ஒரு தகட்டில் அடங்காதபோது அடுத்தடுத்த தகடுகளில் எடுத்து இணைப்பார். பிறகு நெருங்கி வந்து பிராகாரத்தையும், தூண்வரிசையையும், இறுதியில் சுவரில் செதுக்கிய போர்க்காட்சியையும் எடுப்பார். அழகைக் காட்டிலும் ஒழுங்கைத் தேடும் கண் அது. அக்கோயில் மேருமலையின் வடிவமாக எழுப்பப்பட்டது என்னும் கருத்திற்கு அவர் வந்தார். வெறுமனே படம் பிடித்துப் போகிறவர்க்கு அக்கருத்துத் தோன்றியிராது. பாயோன் கோபுரங்களை எடுக்க முனைந்தபோது வெண்தாடிக் கருங்குரங்குகள் கிளைகளில் தாவி ஆட்டியதால் படமெடுக்க முடியாமற் போனதையும் அவர் எழுதியிருக்கிறார். இலை அசைந்தாலே படம் கெடும் என்பதை நினைத்தால் அவருடைய துன்பம் விளங்கும்.

அவ்வாண்டே தாயகம் திரும்பி, வெப்ப நாடுகளில் படமெடுக்கும் முறை பற்றித் தொழில் இதழொன்றில் தொடர் கட்டுரை எழுதினார். அங்கோர் பற்றிய நூல் 1867-இல் படங்களுடன் வெளியாயிற்று.

1868-இல் ஹாங்காங்கில் நிலையம் அமைத்த தாம்சன், அடுத்த நான்காண்டுகள் சீனத்தின் ஆறுகளிலும் நகரங்களிலும் அலைந்தார். அங்கே கருவியைக் கண்டு மக்கள் அஞ்சினர். உருவம் பிடிக்கப்பட்டவர் ஆயுள் குறையும் என்றனர். சௌசௌ நகரில், கூட்டம் சேருமுன் படமெடுத்துவிடலாம் என்று விடியலிலேயே ஆற்றுப் பாலத்திற்குச் சென்றார். கூட்டம் சேர்ந்தது, கல்லும் சேறும் பறந்தன. இரும்பு முனை கொண்ட முக்காலியையே ஆயுதமாக நீட்டிக்கொண்டு படகிற்குப் பின்வாங்கினார். எனினும் பாலத்தின் படம் கிடைத்துவிட்டது. அம்மக்களின் அச்சத்தை வெறும் அறியாமை என்று எண்ணுவது நேர்மையாகாது. கேளாமல் தம்மைப் படமெடுக்கும் அயலானை எந்த ஊரார்தாம் வரவேற்பர்?

1873, 1874 ஆகிய ஆண்டுகளில் நான்கு தொகுதிகளாக வெளிவந்த அவருடைய சீனப் படநூலில் 200 படங்கள் உள்ளன. அரசிளங்குமரர் குங் அதில் இருக்கிறார்; பூச்சௌ நகர்ப்புறத்துக் கல்லறைகளில் வாழ்ந்த இரவலரும் அதில் இருக்கின்றனர். இருசாராரையும் ஒரே பொறுமையுடன் எடுத்திருக்கிறார். அந்த இரவலர் எங்கே உறங்கினர், எவ்வாறு பிழைத்தனர் என்பதையும் கேட்டு எழுதியிருக்கிறார். பினாங்கில் வகையைத் தேடிய கண் இங்கே வாழ்வைத் தேடத் தொடங்கிவிட்டது.

அத்தேடல் முதிர்ந்தது இலண்டன் தெருக்களில் ஆகும். 1877, 1878 ஆகிய ஆண்டுகளில் அடால்ப் ஸ்மித் என்னும் எழுத்தாளருடன் சேர்ந்து இலண்டன் தெரு வாழ்க்கை பற்றிய தொகுப்பை அவர் வெளியிட்டார். பூ விற்பவர், பழைய நாற்காலி செப்பனிடுபவர், கூலிக்குச் சுவரொட்டி ஒட்டுபவர் என எளிய மக்களே அதன் நாயகர். தகட்டின் வேகம் அப்பொழுதும் குறைவாதலின் அவர்களை நிறுத்தி வைத்தே படமெடுக்க வேண்டியிருந்தது. எனவே அவர்களுடன் பேச வேண்டியிருந்தது. அப்பேச்சுப் பலவும் கட்டுரையில் இடம்பெற்றது. அவற்றுள் ஒரு படம் உலகப் புகழ் பெற்றது. செயின்ட் ஜைல்ஸ் பகுதியில் ஏழையர் இல்லத்தின் படிக்கட்டில் முதிய பெண் ஒருத்தி மடியில் குழந்தையுடன் சாய்ந்து கிடக்கிறாள். குழந்தை அவளுடையதன்று. காப்பிக் கடையில் வேலைக்குச் சென்ற வேறொருத்தியின் குழந்தையைப் பகலெல்லாம் பார்த்துக்கொண்டால் அவளுக்குக் கொஞ்சம் தேநீரும் ரொட்டியும் கிடைக்கும். இரந்துண்ணவும் வலுவின்றித் தவழ்ந்து செல்பவர் என்பதால் அத்தகையோரை 'தவழ்வோர்' என ஊர் அழைத்தது. இச்செய்தியை அறியாமல் படத்தை மட்டும் பார்த்தாலும் நெஞ்சு கனக்கும்; அறிந்தபின் அக்குழந்தையின் தலையை ஒருமுறை உற்றுப் பார்க்கத் தோன்றும்.

அந்தத் தொகுப்பில் பலருடைய பெயரோ பட்டப்பெயரோ பதிவாகியுள்ளது. பயண நூலுக்கும் அதற்கும் இடைவெளி இரண்டு மூன்று ஆண்டுகளே. கண் இவ்வளவு தூரம் வளர்ந்த மனிதர், பினாங்கு நினைவுகளை எழுதியபோது தம்முடன் நின்று உழைத்த இருவருக்கு அந்த மதிப்பைத் தராதது குறையே ஆகும். அவர் வில்லையின் முன் நின்றவரைக் காணக் கற்றார். கூடாரத்தில் தம் அருகே நின்றவரைக் காணப் பிந்திவிட்டார்.

1881-இல் விக்டோரியா அரசியாரின் நியமனம் பெற்ற நிழற்படக் கலைஞரானார். 1886 முதல் இலண்டன் அரச புவியியற் கழகத்தில், தொலைநாடு செல்லும் ஆய்வாளர்க்குப் படமெடுக்கப் பயிற்றினார். 24 ஆண்டுகளுக்கு முன், பினாங்கின் வெயிலில், அதே தொழிலைச் சென்னைக்காரர் இருவர்க்குக் கற்பித்த கை அது. 1921-இல் தாம்சன் மறைந்தபின் அவருடைய கண்ணாடித் தகடுகளை ஹென்றி வெல்கம் என்பார் விலைக்கு வாங்கினார். அறுநூறுக்கும் மேற்பட்ட அத்தகடுகள் இலண்டனில் வெல்கம் நூலகத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன.