அரிக்கமேட்டு மதுச்சாடிகள்

அரிக்கமேட்டு மதுச்சாடிகள் என்பவை, புதுச்சேரி நகருக்குத் தெற்கே ஏறத்தாழ 4 கிலோமீட்டர் தொலைவில் அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேட்டில் அகழ்ந்தெடுக்கப்பட்ட, மத்தியதரைக்கடல் நாடுகளைச் சேர்ந்த சுடுமண் கலங்களின் துண்டுகள் ஆகும். இவ்வகைக் கலங்கள் ஆம்போரா என அழைக்கப்படுகின்றன. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் திராட்சை மது (வைன்) கடல் கடந்து தமிழகத்துக்கு வந்தமைக்கு இவை நேரடிச் சான்றாகும்.

அகழாய்வு

புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியின் கீழ் இருந்த 1945 ஆம் ஆண்டில் மார்ட்டிமர் வீலர் இங்கு அகழாய்வு செய்தார். அவருக்குப் பின் 1947 முதல் 1950 வரை ழான்-மரி கசாலும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தலைமையிலான குழுவினரும் ஆய்வு நடத்தினர். சாடித் துண்டுகளை எலிசபெத் லைடிங் வில் ஆராய்ந்து வகைப்படுத்தினார். அவற்றுள் கிரேக்கத் தீவான கோசின் சாடி வகையே மிகுதி. ஆலிவ் எண்ணெய், மீன் குழம்பு ஆகியவற்றைக் கொணர்ந்த சாடிகளும் சிறிதளவு கிடைத்துள்ளன.

அமைப்பு

இச்சாடிகள் குறுகிய கழுத்தும், இரு கைப்பிடிகளும், கூரிய அடிப்பகுதியும் கொண்டவை. கப்பலின் அடித்தளத்தில் நெருக்கமாக அடுக்குவதற்குக் கூரிய அடி ஏற்றதாக இருந்தது. இரண்டு மண் உருளைகளை ஒட்டிச் செய்த கைப்பிடி கோசு வகையின் அடையாளம். சுடுமண்ணில் மது கசியாதிருக்க உட்புறம் பிசின் பூசப்பட்டது. இதனால் மதுவிலும் பிசின் மணம் கலந்திருந்தது.

மதுவின் தன்மை

கோசுத் தீவின் மது கடல்நீர் சேர்த்துச் செய்யப்பட்டது. இதனை ஒத்த மதுவைச் செய்யும் முறையை ரோமானியரான கேட்டோ தமது வேளாண்மை நூலில் கூறியுள்ளார். கிரேக்கரும் ரோமானியரும் மதுவில் நீர் கலந்தே அருந்தினர். மிளகும் தேனும் சேர்த்த மது பற்றி அப்பிசியசு பெயரில் வழங்கும் சமையல் நூல் குறிப்பிடுகிறது. தென்னிந்தியாவிலிருந்து மேற்கே சென்ற முதன்மையான சரக்கு மிளகே ஆகும்.

வந்த வழி

மது அலெக்சாந்திரியாவிலிருந்து நைல் ஆற்று வழியாகக் கொப்டோசுக்கும், அங்கிருந்து பாலைவனம் கடந்து செங்கடல் துறைமுகங்களுக்கும் சென்றது. அங்கிருந்து தென்மேற்குப் பருவக்காற்றின் துணையால் கப்பல்கள் மேற்குக் கரையை அடைந்தன. கி.பி. முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்த பெரிப்ளூசு என்னும் நூல், முசிறிக்கு மது சிறிதளவே இறக்குமதியானதாகக் கூறுகிறது. அந்நூல் குறிப்பிடும் கிழக்குக் கரைத் துறைமுகமான பொதுகே, அரிக்கமேடு எனப் பலர் கருதுகின்றனர்.

அருந்தியவர்கள்

அரிக்கமேட்டை இந்திய-ரோமானிய வணிக நிலையம் என வீலர் கருதினார். இக்கருத்தின்படி மது அங்குத் தங்கிய யவனரின் தேவைக்கு வந்திருக்கலாம். ஆனால் ரோமானியர் வருகைக்கு முன்பே இங்கு உள்ளூர்க் குடியிருப்பு இருந்ததைப் பிந்தைய ஆய்வுகள் காட்டின. மதுவைத் தமிழரும் அருந்தினர் என்பதற்குச் சங்க இலக்கியம் சான்றளிக்கிறது. புறநானூற்றின் 56 ஆம் பாடலில், பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனை நக்கீரனார் வாழ்த்துகிறார். யவனர் கொணர்ந்த குளிர்ந்த, மணமுள்ள தேறலை மகளிர் பொற்கலத்தில் ஏந்தித் தர, நாள்தோறும் அருந்தி மகிழுமாறு அவர் கூறுகிறார். அப்பாடலில் வரும் கலம் என்னும் சொல் பாண்டம், மரக்கலம் ஆகிய இரண்டையும் குறிக்கக்கூடியது. மூங்கில் குழாயில் முதிர்ந்த உள்ளூர்த் தேறலும் சங்கப் பாடல்களில் இடம்பெறுகிறது. எனவே யவனர் மது இல்லாத குறையை நிரப்ப வந்ததன்று. அரண்மனையில் செல்வத்தின் அடையாளமாக விளங்கியது எனலாம்.

அரிக்கமேட்டில் கிடைத்த தொல்பொருட்களிற் சில புதுச்சேரி அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளன.